பறங்கிமலை முதல் தாம்பரம் வரை: ஒரு புறநகரும் நம் மக்களும்

"நம் ஊருக்கு ஏது ஐயா வரலாறு? பட்டணத்துக்குப் போகிற இரயில் நிற்கிற இடம், அவ்வளவுதானே?" என்று நம் சங்கத்து இளைஞர் ஒருவர் அண்மையில் என்னைக் கேட்டார். வெள்ளி விழா மலருக்கு என்ன எழுதுவது என்று எண்ணிக்கொண்டிருந்த எனக்கு அக்கேள்வியே பொருளைத் தந்துவிட்டது. பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையில் பிறந்து, எழுபது ஆண்டுகளாக அங்கேயே வாழ்ந்து வருபவன் என்ற ஒரே தகுதியில் இதனை எழுதுகின்றேன்.

பழமைக்கு இப்பகுதியில் குறைவில்லை. 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியல் அறிஞர் பல்லாவரத்துச் சரளைக் குழியொன்றில் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் தொல்பழங்கால ஆராய்ச்சி அன்றுதான் தொடங்கிற்று என்பர். அவ்வூர் மலையில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகையும் உண்டு. இவை பாடநூலில் இடம் பெற்றுவிட்டன. கற்கால மனிதனுக்கும் பல்லவ மன்னனுக்கும் கிடைத்த இடம் நம் பாட்டன் பாட்டிக்குக் கிடைக்கவில்லை. அவர்களுடைய வரலாற்றை அறிய வேண்டுமாயின், 'நாம் குடியிருக்கும் மனை யாருடையது?' என்ற ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும்.

அக்கேள்வியை முதன்முதலாக அரசாங்கத்தின் ஏட்டில் ஏற்றியவர்களுள் ஒருவர் செங்கற்பட்டு மாவட்டக் கலெக்டர் டிரெமென்ஹீர். அந்நாளில் அம்மாவட்டத்தின் தலைமைக் கச்சேரி சைதாப்பேட்டையில் இருந்தது. செங்கற்பட்டுச் சீமையின் சேரிகளைப் பற்றி 1891-இல் அவர் ஓர் அறிக்கை எழுதினார். ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி முதலிய பாதிரிமார்களும் அதே காலத்தில் இதைப் பற்றிக் குரல் எழுப்பி வந்தனர். அவர்கள் கண்டது இது: சேரியில் குடிசை நம்முடையது, குடிசையின் கீழுள்ள மண் மிராசுதாரருடையது. கூலி கூட்டிக் கேட்டாலும், வேறொருவர் நிலத்தில் வேலைக்குப் போனாலும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினாலும், 'மனையைக் காலி செய்' என்ற ஒரு சொல்லே போதுமாயிருந்தது. தரிசு நிலத்தைப் பட்டாக் கேட்டு விண்ணப்பித்தால் அதிலும் மிராசுதாரருக்கே முன்னுரிமை. படியாளாகப் பெற்ற கடன் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்து சேரும். சவுக்கடி கூட அடுத்த நாள் மறக்கும்; மனையைப் பற்றிய அச்சம் தலைமுறைக்கும் தூங்காது.

வருவாய் வாரியம் அவ்வறிக்கையின் பெரும்பகுதியை ஏற்க மறுத்தது. ஆயினும் 1892 செப்டம்பர் 30-இல் வெளியான 1010-ஆம் எண் அரசாணையின்படி, தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் ஏற்பாடு பிறந்தது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்று வழங்குவது அதுவே. நம்மவரல்லாதார் கைக்கு அது மாறலாகாது என்ற நிபந்தனை தாளில் இருந்தது. நிலமோ கை மாறிப் போயிற்று. அதனை மீட்கக் கேட்டதற்காக 1994-இல் இதே செங்கற்பட்டு மண்ணில், காரணைப் போராட்டத்தில், காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்கு நம்மவர் இருவர் உயிரை ஈந்தனர். நூறாண்டு கழிந்தும் அதே மனை, அதே மண்!

இந்நிலையில் மிராசுதாரரின் பிடி எட்டாத இடம் எதுவோ அதை நாடி நம் முன்னோர் நடந்ததில் வியப்பில்லை. அத்தகைய இடம் முதலில் வெள்ளையர் பாளையம். பறங்கிமலையிலும் பல்லாவரத்திலும் கம்பெனியார் காலம் முதலே படைவீடுகள் இருந்தன. அங்கே சமையற்காரராகவும், குதிரைக்காரராகவும், ஆயாவாகவும், தோட்டவேலையாளாகவும், பட்லராகவும் நம்மவர் அமர்ந்தனர். இவ்வேலைகளைச் சிலர் இன்று இளக்காரமாகப் பேசக் கேட்கின்றேன். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். பண்டித அயோத்திதாசரின் பாட்டனார் கந்தப்பன் என்பவர், ஹாரிங்டன் என்ற துரையிடம் பட்லராக இருந்தவர். தம் வீட்டில் இருந்த திருக்குறள் ஓலைச்சுவடி எல்லிஸ் துரையின் கைக்குச் சேர அவரே காரணமாயிருந்தார் என்று பண்டிதர் எழுதியிருக்கின்றார். துரை வீட்டு அடுப்படியில் நின்றவரின் வீட்டில் குறளின் சுவடி இருந்தது. நம்மை எழுத்தறியாதார் என்று எழுதியவர்கள் அவ்வீட்டினுள் எட்டிப் பார்த்ததில்லை போலும்.

பாளையத்தில் மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது. அது நெல்லாக அல்ல, காசாக வந்தது. காசுக்குச் சாதி தெரியாது என்று சொல்லமாட்டேன். ஆனால் காசு கையில் இருந்தால் பிள்ளையின் பள்ளிச் சம்பளத்தைக் கட்டலாம். அந்தப் பறங்கிமலையில் 1883-இல் பிறந்த ஒரு குழந்தைதான் பின்னாளில் எம்.சி. ராஜா அவர்கள். ஆசிரியராக வாழ்வைத் தொடங்கி, 1920-இல் சென்னைச் சட்டமன்றத்துள் அடியெடுத்து வைத்தார். பழிச்சொல்லாக வழங்கிய பெயர்களை விடுத்து 'ஆதிதிராவிடர்' என்று அரசு ஏடுகளில் எழுதும் நிலை 1922-இல் வந்ததும் அவருடைய முயற்சியாலேயே.

பாளையத்தை அடுத்துக் கல்லும் தோலும் வந்தன. பல்லாவரம், திரிசூலம் மலைகளின் கருங்கல் உறுதியானது. கல்கத்தா நகரை நிறுவியவர் என்று சொல்லப்பட்ட ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக்கல் இவ்வினத்தைச் சார்ந்தது என்று கண்டு, அக்கல்லுக்கே 'சார்னாக்கைட்' என்று பெயரிட்டு விட்டனர் நிலவியலார். கல்லின் கீழே படுத்திருப்பவருக்குப் பெயர் கிடைத்தது. கல்லை உடைத்தவர்களுக்கு நெஞ்சுச்சளி கிடைத்தது. என் பாட்டியார் மதுராந்தகத்துப் பக்கமிருந்து இங்கு வந்து, கூடையில் ஜல்லி சுமந்தவர். 'ஊரில் சுமந்தால் கூலி அவன் கொடுத்தால் உண்டு. இங்கே எண்ணிய கூடைக்கு எண்ணிய காசு' என்பார்.

தோலின் கதை இன்னும் சிறிது நீளமானது. ஆவாரம்பட்டை ஊறலில் தோலைப் பதனிடுவது பழைய முறை. அதற்கு வாரக்கணக்கில் ஆகும். குரோமிய உப்பைக் கொண்டு சில நாட்களிலேயே பதனிடும் புதிய முறையைச் சென்னையில் பரப்பியவர் ஆல்பிரட் சாட்டர்டன். ஜி.ஏ. சேம்பர்ஸ் என்பவர் 1912-இல் பல்லாவரத்தை அடுத்துக் குரோம் லெதர் கம்பெனியை நிறுவினார். அக்கம்பெனியால் வந்த பெயரே குரோம்பேட்டை. இன்று அப்பெயரைச் சொல்வோரில் எத்தனை பேருக்கு அது தோலின் பெயர் என்பது தெரியும்? தீட்டு என்று ஒதுக்கப்பட்ட தொழிலின் பெயரை எல்லாச் சாதியாரும் தம் வீட்டு முகவரியாக எழுதுகின்றனர். எனக்கு இதில் ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு என்பதை மறைப்பானேன்?

ஆனால் தொழிலை நான் புகழ வரவில்லை. என் தந்தையார் இப்பகுதியில் ஒரு தோல் தொழிற்சாலையில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர். முழங்காலுக்குக் கீழே அவர் தோல் வெந்து வெளுத்திருக்கும். இரவில் தாயார் தேங்காய் எண்ணெய் தடவுவார். அக்கழிவுநீர் ஏரிகளிலும் கிணறுகளிலும் இறங்கியபோது முதலில் கெட்டது நம் தெருக் கிணறுதான். தொழிலும் நம்முடையது, அதன் நஞ்சும் நம்முடையது, இலாபம் மட்டும் வேறு தெருவுக்குப் போயிற்று.

கூலிக்கு அடுத்தது வழி. இன்று நாம் கடைத்தெருவில் காலை வீசி நடக்கின்றோம். அந்நடை சட்டமன்றத்தில் வாதாடிப் பெற்ற நடை. மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்தவரும், 'பறையன்' என்ற பெயரையே இதழுக்குச் சூட்டி 1893-இல் துணிந்து நடத்தியவருமான இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், 1924 ஆகஸ்டில் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றை எந்த வகுப்பாரும் பயன்படுத்தலாம் என்பதே அதன் சாரம். அது நிறைவேறி, அடுத்த மாதமே அரசாணையாயிற்று. 1938-இல் எம்.சி. ராஜா அவர்கள் கொண்டுவந்த சமூக இயலாமைகளை நீக்கும் சட்டம் அதற்கு மேலும் வலுவூட்டிற்று. கிராமத்தில் இந்த ஆணைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கியவர் உதைபட்டார். புறநகர்ச் சிற்றூரில் அதே ஆணை ஓரளவு உயிர் பெற்றது. காரணம் எளிது. நாள்தோறும் முன்பின் அறியாத ஆயிரம் பேர் நடக்கின்ற சாலையில் யாரை நிறுத்தி என்னவென்று கேட்பது?

அந்த ஆயிரம் பேரைக் கொண்டுவந்தது மின்சார இரயில். 1931 ஏப்ரலில் ஆளுநர் ஸ்டான்லி அதனைத் தொடங்கி வைக்க, மே மாதம் 11-ஆம் நாள் முதல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே பொதுமக்கள் பயணம் தொடங்கிற்று. 29 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் பாதை. பம்பாய்க்கு அடுத்து இந்தியாவில் புறநகர் மின்சார வண்டி ஓடிய நகரம் சென்னையே. அவ்வண்டி 2004-இல் அகலப் பாதைக்கு இடம் கொடுத்து மறைந்தது.

புறநகர் வாழ்வு என்பது அவ்வண்டியின் வாழ்வுதான். எங்கள் தெருவில் கடிகாரம் இருந்த வீடு ஒன்றே. ஆயினும் யாரும் நேரம் தவறியதில்லை. 'முதல் வண்டி போயிற்று, எழுந்திரு', 'ஆறேகால் வண்டி போயிற்று, உலை வை' என்று தாய்மார் வண்டியைக் கொண்டே நாளை அளந்தனர். விடியலில் கீரைக்கட்டும் மல்லிகையும் கூடைகளில் ஏறின. பின்னர்த் தூக்குச்சட்டியோடு ஆலைத் தொழிலாளர், அதன்பின் துவைத்துத் தேய்த்த சட்டையணிந்த குமாஸ்தாக்கள். ஒரே பலகையில் தோல் வேலைக்காரரும் தலைமைச் செயலகத்து எழுத்தரும் தோள் உரச அமர்ந்தனர். மாம்பலம் வருவதற்குள் நாட்டு நடப்பெல்லாம் பேசித் தீர்ப்பர். என் தந்தையாரிடம் ஐந்தாறு ஆண்டுகள் நாளேட்டின் உள்பக்கத்தை இரவல் வாங்கிப் படித்த பெரியவர் ஒருவர் இருந்தார். இருவருக்கும் ஒருவர் தெரு மற்றவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த நட்பு நீடித்திருக்குமா என்று தந்தையாரைக் கேட்டேன். "அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. அந்த மட்டில் நல்ல மனிதர்" என்றார். அவ்விடையில் இருந்த நிறைவும் வலியும் எனக்குப் பின்னர்தான் விளங்கின.

வண்டியில் சமம், இறங்கினால் வேறு என்ற நிலையும் இருந்தது. அந்நாளைய இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்குத் தனியிடம் உண்டு. பெரியாரின் கிளர்ச்சிக்குப் பின்னரே 1941-இல் அது ஒழிந்தது. இரயிலின் சக்கரம் தானாகவே சாதியை அரைத்துவிட்டது என்று சிலர் எழுதுவது உண்மையன்று. போராட்டம் செய்து ஒவ்வொரு பலகையையும் கழற்ற வேண்டியிருந்தது.

கல்வியைப் பற்றி இம்மலரில் பிறர் விரிவாக எழுதியிருப்பார்கள் ஆகையால் நான் சுருங்கச் சொல்கின்றேன். அடையாற்றில் கர்னல் ஆல்காட் 1894-இல் திறந்த பள்ளியும், மிஷன் பள்ளிகளும், 1920-க்குப் பின் லேபர் கமிஷனரின் துறை நடத்திய பள்ளிகளும் இப்பகுதியில் நம்மவர்க்கு எழுத்தைக் கொடுத்தன. அவ்வெழுத்துக்கு மேல் பட்டம் என்ற எண்ணம் எழக் காரணமாயிருந்தது, 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி பட்டணத்தை விட்டுத் தாம்பரத்துக் காட்டுக்குக் குடிவந்தமை. தெரு முனையில் நின்று பார்த்தால் கல்லூரிப் பிள்ளைகள் போவது தெரியும். கண்ணால் காணாத ஒன்றைப் பிள்ளைகள் ஆசைப்படுவது அரிது. எங்கள் தெருவில் முதல் பட்டதாரி வந்தபோது அவருடைய சான்றிதழைத் தெருவே கை கழுவிக்கொண்டு வாங்கிப் பார்த்தது.

இனி மீண்டும் மனைக்கு வருவோம். 1920-களிலிருந்து லேபர் துறை மிராசு நிலங்களைக் கையகப்படுத்தி நம்மவர்க்கு வீட்டுமனையாகப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கிற்று. மனையைக் காட்டி மிரட்டும் வழக்கத்துக்கு அங்கேதான் அடி விழுந்தது. ஆனால் அம்மனைகளை எங்கே கொடுத்தார்கள் என்று பாருங்கள்: ஊருக்கு வெளியே, சாலைக்கு அப்பால், ஏரி உள்வாய்க்கு அருகே, சுடுகாட்டை ஒட்டி. நாடு விடுதலை பெற்ற பின்னர் பட்டணம் தெற்கே பெருகிற்று. 1949-இல் குரோம்பேட்டையில் தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. நெல் வயல்கள் கல் நட்ட மனைப் பிரிவுகளாயின. தாம்பரம் 1964-இல் நகராட்சியாயிற்று. ஊருக்கு வெளியே இருந்த நம் சேரிகள் இப்போது ஊருக்கு நடுவே வந்துவிட்டன! ஆயினும் சுற்றிலும் 'நகர்' என்றும் 'அவென்யூ' என்றும் பலகை தொங்க, நம் தெருக்களுக்கு மட்டும் 'காலனி' என்ற பெயர். நகராட்சிக் குழாய் சுற்றுத் தெருக்களுக்கெல்லாம் வந்து பல ஆண்டுகள் கழித்தே நமக்கு வந்தது. அச்சொல் ஒடுக்குமுறையின் குறியாகிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்து அது நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. பெயர்ப் பலகையோடு கழிவுநீர்க் கால்வாயையும் சேர்த்துக் கவனித்தால் இன்னும் நல்லது.

காலனியை விட்டு வெளியே வீடு தேடியவன் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். எனக்கு அரசு உத்தியோகம் கிடைத்துத் திருமணமான புதிது. நிலையத்துக்கு அருகே வாடகைக்கு வீடு பார்க்கப் போனேன். சட்டை, செருப்பு, உத்தியோகம் யாவும் வீட்டுக்காரருக்குப் பிடித்திருந்தன. "சொந்த ஊர் எது?" என்றார். சொன்னேன். "அங்கே எந்தத் தெரு?" என்றார். அதையும் சொன்னேன். உள்ளே போய் வந்து, "தம்பி, தங்கையின் குடும்பம் வருகிறதாம், வீடு கொடுப்பதற்கில்லை" என்றார். அடுத்த மாதமும் 'வாடகைக்கு விடப்படும்' என்ற அட்டை அவ்வாசலில் தொங்கிற்று. அடுத்த வீட்டில் 'சைவமா?' என்று கேட்டனர். மூன்றாவது வீட்டில் நான் ஊரை மாற்றிச் சொன்னேன், வீடு கிடைத்தது. பதினோரு மாதம் அங்கே இருந்தேன். என் தாயார் வருவதாகச் சொல்லும்போதெல்லாம் நானே சென்று பார்த்து வந்தேன். அவர் பேச்சில் தெரு வெளிப்பட்டுவிடும் என்ற அச்சம். இதை எழுதும்போதும் கை கூசுகின்றது. மிராசுதாரர் என் பாட்டனை மண்ணைக் காட்டி மிரட்டினார். என்னை யாரும் மிரட்டவில்லை. நானே என் வாயை மூடிக்கொண்டேன்.

கிராமத்தைப் போற்றிப் பேசியவர்களிடம் பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் அவர்கள் உடன்படவில்லை என்பதும், 1948 நவம்பர் 4-இல் அரசியல் நிர்ணய சபையில் அதனை வெளிப்படையாகக் கூறினார் என்பதும் நீங்கள் அறிந்ததே. அவர் சொன்னதன் உண்மையை எங்கள் தெருவில் ஒவ்வொரு குடும்பமும் தன் உடம்பால் அறியும். கிராமத்துக்குத் திரும்ப வேண்டும் என்று பாட்டியார் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் சிற்றூரிலிருந்து பட்டணத்தை நோக்கி ஓடிக்கொண்டே இருந்தால், ஊரை மாற்றிச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதுதானா என்ற கேள்வி என்னை விடவில்லை. பதினோரு மாதம் முடிந்ததும் நான் தந்தையாரின் மனைக்கே திரும்பி, கடன் வாங்கி, இரண்டு அறையாகக் கட்டிக்கொண்டேன். ஓடியவர்களை நான் குறை கூறவில்லை. நான் திரும்பியதற்குத் துணிவு மட்டும் காரணமன்று. வாடகையும் கட்டி வரவில்லை.

சென்னை மேயர் நாற்காலியில் 1937-இல் ஜெ. சிவசண்முகம் பிள்ளை அவர்களும், 1945-இல் தந்தை என். சிவராஜ் அவர்களும் அமர்ந்தனர் என்று நாங்கள் சிறுவயதில் கேட்டதுண்டு. அது பட்டணத்துச் செய்தி; எங்கள் ஊருக்கு மேயர் ஏது? 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாகித் தாம்பரம் மாநகராட்சி அமைந்தது. அதன் மேயர் பதவி ஆதிதிராவிடப் பெண்டிருக்கென ஒதுக்கப்பட்டது. 2022 மார்ச்சில் க. வசந்தகுமாரி அவர்கள் அதன் முதல் மேயராயினார், வயது இருபத்தைந்துதான். அதே நாளில் சென்னையிலும் ஆர். பிரியா அவர்கள் மேயரானார். ஒதுக்கீட்டால் வந்த நாற்காலி என்று இரயிலில் ஒருவர் முகம் சுளித்தார். பரம்பரையால் வந்த மிராசு எந்தத் தேர்வில் வென்று வந்தது என்று அவரைக் கேட்டேன். மீனம்பாக்கம் வந்தது, இறங்கிப் போய்விட்டார்.

கேள்வி கேட்ட இளைஞரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்து, தந்தையாரின் தகரப் பெட்டியைத் திறந்து காட்டினேன். அதில் கொஞ்சம் பழைய சீசன் டிக்கெட்டுகள், நான் ஐந்தாம் வகுப்புத் தேறிய சான்று, மடிப்பில் கிழிந்த மனை ஒப்படைப்புப் பத்திரம் ஆகியவை இருந்தன. பத்திரத்தில் நான்கெல்லை எழுதியிருந்தது: கிழக்கே ஏரிக்கரை, தெற்கே புறம்போக்கு, மேற்கே வண்டிப்பாதை, வடக்கே என் பாட்டியாரின் பெயரில் இருந்த அடுத்த மனை. ஏரிக்கரை இன்று பேருந்துச் சாலை. புறம்போக்கில் நான்கு மாடிக் கட்டடம். வண்டிப்பாதை எதுவென்று இளைஞருக்குத் தெரியவில்லை; அவர் தம் மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்த இடம்தான் அது என்று காட்டினேன். வடக்கெல்லை மட்டும் அப்படியே இருக்கின்றது. அங்கே இப்போது என் தங்கை மகள் குடியிருக்கின்றாள். மாலையில் தெருப் பிள்ளைகளுக்குத் திண்ணையில் கணக்குச் சொல்லிக் கொடுக்கின்றாள்.